உங்கள் வீட்டைவிட மூன்று வரி கூட

என் அன்புக்குரிய யோசப் அண்ணனுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. இதுவரை உங்களுக்காக நான் வாய் திறந்து ஒரு செபம் சொன்னதில்லை. பூசையில் உங்கள் பேரை வாசித்தபோதெல்லாம் சேர்ட் பொத்தானைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது எழுதுவதும் அழுவதற்கு இல்லை. எனக்கு உங்கள்மேல் பொறாமை அண்ணன். நீங்கள் இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இதை இந்த ஊரில் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

முதலில் செய்தி. வளவில் வாவிப் பக்கம் வெறுமையாய்க் கிடந்த ரீற்றாவின் பங்கில் வீடு எழும்பிவிட்டது. அக்காவைக் கட்டிய நீங்கள் அவ பங்கில் வீடு கட்டினீர்கள், தங்கச்சி ரீற்றாவைக் கட்டிய நான் இவள் பங்கில் கட்டியிருக்கிறேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கட்டுவது மாப்பிள்ளைமார், காணி உறுதி பெண்சாதி பேரில், நாளைக்கு அது மகளுக்குச் சீதனம். அப்படிப் பார்த்தால் எனக்கென்று ஒரு வீடு கிடையாது, உங்களுக்கும் இருக்கவில்லை. ஆனாலும் ஊர் முழுக்க அக்காவின் வீட்டை 'யோசப் கட்டின வீடு' என்றுதான் சொல்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதினொரு வருடம் அந்த வீட்டின் பின்னறையில் நானும் ரீற்றாவும் மகளும் இருந்தோம். ஒரு நாளாவது நீங்கள் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் நிம்மதியாய் உங்களை வெறுத்திருப்பேன். கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மத்தியானத்திலும் உங்கள் முன்னறைக்குள் மட்டும் எங்கிருந்து குளிர் வந்தது? நான் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கிறவன், படித்தவன். நீங்கள் பஸ் ஓடினவர். வீடு கட்டத் தெரிந்தது உங்களுக்கு.

எங்கள் வீட்டு வேலை தொடங்கிய நாளிலிருந்து ரீற்றாவின் வாயில் உங்களைப் பற்றிய இரண்டே சொல்தான்: "அத்தான் எண்டா." குசினியை எந்தப் பக்கம் வைப்போம் என்று கேட்டால், "அத்தான் எண்டா காத்து எங்கால வருகுது எண்டு பாத்துத்தான் வெப்பார், புகை வீட்டுக்குள்ள வராது." மலசலகூடக் குழிக்கு இடம் பார்த்தால், "அத்தான் எண்டா கிணத்தடிக்குக் கிட்ட விடமாட்டார்." கதவு நிலைக்கு முதிரையா பாலையா என்று மரம் வாங்க மரக்காலையில் நிற்கும்போதும் அத்தான். ஒரு நாள் தாங்காமல் கேட்டுவிட்டேன், "அப்ப நீ அத்தானையே கட்டியிருக்கலாமே?" ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை அவள். சோறு மட்டும் மேசைக்கு வந்தது.

மேசன் தங்கராசா பாஸ், உங்களுக்குக் கட்டினவரேதான். வேறு ஆளைப் பிடிக்கக் கிரான் வரைக்கும் போய்ப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவருடைய வாயிலும் நீங்கள்தான். "யோசப் அண்ணன் மண் வந்தா ஒரு கிள்ளு நாக்கில வெச்சுப் பாப்பார் தம்பி. உப்பு மண்ணெண்டா லோட்டை அப்பிடியே திருப்பி அனுப்பிருவார்." நான் சிரித்தேன். "நான் என்ன மண் தின்னிற புள்ளையா பாஸ்?" என்றேன். பின்னேரம் எல்லாரும் போன பிறகு நானும் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புத்தான். மறுநாள் லோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, எங்கள் கந்தோருக்கு வருகிற இஞ்சினியர் ஒருவர் சொன்னார் என்று பொய் சொன்னேன்.

உங்கள் வீட்டில் இல்லாதது என் வீட்டில் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். புளியந்தீவில் வீட்டுப் படம் வரைகிற ஒருவரிடம் போய், கம்பியூட்டரில் நிறமெல்லாம் போட்டு ஒரு படம் எடுத்து வந்தேன். அதில் முன்னுக்கு ஒரு போர்ட்டிகோ, இரண்டு தூண், கீழே ஒரு வெள்ளைக் கார். எங்களிடம் கார் இல்லை, மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் போர்ட்டிகோ இல்லை. எனக்கு அது போதும்.

றோட்டிலிருந்து உங்கள் வீட்டைத் தாண்டி எங்கள் பங்குக்கு வருகிற பாதை வடக்கு ஓரத்தால் வருகிறது. வருகிறவர் கண்ணில் முதலில் படட்டும் என்று போர்ட்டிகோவை அந்த ஓரத்தில்தான் வைத்தேன். இந்த இடத்தில் நான் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இருக்கும்போதே ஒரு நாள் அங்கே என்னைக் கூட்டிப்போய், "தம்பி, நீங்க கட்டக்குள்ள இந்த ஓரத்தில ஒரு மூணு முழம் விட்டிட்டுக் கட்டுங்க. ஏனெண்டா..." என்று தொடங்கினீர்கள்.

ஏனென்று சொல்ல நான் விடவில்லை. "எங்கட பங்கில எங்க கட்டிற எண்டு எங்களுக்குத் தெரியும் அண்ணன்" என்று வெட்டிவிட்டேன். வாவிக்கு இறங்க உங்களுக்கு ஒரு பாதை வேண்டும், அதற்காக எங்கள் காணியில் கண் வைக்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் "சரி தம்பி" என்று போய்விட்டீர்கள். அதன் பிறகும் ஏழெட்டு மாதம் உயிரோடு இருந்தீர்களே, ஏன் இரண்டாம் தரம் சொல்லவில்லை? என் முகம் அவ்வளவு மோசமாகவா இருந்தது?

அத்திவாரம் போட்டு நிலமட்டம் வைக்கிற நாள் பாஸ் கேட்டார், "எவ்வளவு உயர்த்த தம்பி?" நான் உங்கள் வீட்டுத் தரை மட்டத்தைக் காட்டி, "அதவிட மூண்டு வரி கல்லு கூட வையுங்க" என்றேன். "வெள்ளத்துக்கா?" என்றார். "ஓம், வெள்ளத்துக்குத்தான்" என்றேன். வாவிப் பக்கத்துப் பள்ளக் காணி, வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்துவது நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் என் மனதில் வெள்ளம் இருக்கவில்லை. என் வாசலில் கதிரை போட்டு இருந்தால் உங்கள் வாசல் கீழே தெரியவேண்டும், அவ்வளவுதான். வீட்டை மட்டும் உயர்த்தினால் வடிவில்லை என்று, வளவு முழுக்கக் கிரவல் மண் கொட்டி, எல்லையில் கல் வரிசை வைத்து மேடாக்கினேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று.

பிறகு ஐப்பசி வந்தது. செபம் சொல்லி வீடு மந்திரிக்கக் கோயில் சுவாமியிடம் நாள் எடுத்து, ஆட்களுக்குச் சொல்லியும் முடிந்திருந்தது. ஒரு விடியக்காலை தொடங்கின மழை பத்து மணி வரை விடவில்லை. நான் புது வாசலில் நின்று, ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வரவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரீற்றா உங்கள் வீட்டுப் பக்கம் ஓடுவதைக் கண்டேன்.

உங்கள் குசினிக்குள் கணுக்கால் அளவு தண்ணி அண்ணன். நீங்கள் கட்டிய நாளிலிருந்து ஒரு மழைக்கும் நனையாத குசினி. அரிசி மூட்டையைக் கதிரைமேல் ஏற்றிவைத்துவிட்டு, அக்கா நீள மர வாங்கில் கால் இரண்டையும் தூக்கிவைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும், "தம்பி, உங்கட வீட்டுக்குத் தண்ணி வரல்லத்தானே?" என்று கேட்டா. குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே அந்தப் பயத்தோடுதான் கேட்டா. "இல்லக்கா" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்தேன்.

மழை விட்ட பிறகு பாஸ் வந்து தண்ணிக் குழாயை இழுத்து மட்டம் பார்த்தார். எனக்கு அதற்கு முதலே விளங்கிவிட்டது. றோட்டுத் தண்ணியும் உங்கள் வளவுத் தண்ணியும் அந்த வடக்கு ஓரத்தால்தான் எங்கள் பங்குக்குள் வந்து வாவிக்கு இறங்கியிருக்கிறது. நான் கிரவலைக் கொட்டி, அதற்குமேல் போர்ட்டிகோவையும் நிறுத்தி, அணை கட்டியிருக்கிறேன். "நிலத்துக்குக் கீழ குழாய் தாட்டு விடேலாதா பாஸ்?" என்று கேட்டேன். "ஒரு மழைக்குத் தாங்கும். மறுகா சருகும் மண்ணும் அடைச்சிரும். உடைக்கத்தான் வேணும் தம்பி" என்றார். பிறகு, எனக்குக் கேட்கவேண்டும் என்றில்லாமல், "அண்ணன் இதத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர் போல" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். தூணுக்கு மாபிள் பதித்துக் காயக்கூட இல்லை. வருகிற ஞாயிறு சுவாமி வரப்போகிறார், ஆட்கள் வரப்போகிறார்கள், வந்து எதைப் பார்ப்பார்கள்? மந்திரிப்பு முடியட்டும், பிறகு உடைப்போம் என்று நினைத்தேன். பெருமழை அதற்கு முதல் வந்தால் அக்கா அந்த வாங்கில்தான் இருக்கவேண்டும். ரீற்றா "அத்தான் எண்டா" என்று சொல்லுவாள், நானும் சண்டை பிடித்து அந்தக் கோபத்தில் உடைக்காமலே விடலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த இரண்டு நாளும் உங்கள் பேரை எடுக்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு ஒரு தூணில் முதல் அடியை நானே அடித்தேன். பாஸ் மற்றத் தூணை விழுத்தினார். எல்லைக் கல்லை எடுத்து, கிரவலை வெட்டி, உங்கள் வளவிலிருந்து வாவி வரைக்கும் மூன்று முழ அகலத்தில் தண்ணி ஓடக் கான் வெட்டினோம். சனிக்கிழமை மழை ஊற்றியது. தண்ணி ஒரு நிமிடம் நிற்கவில்லை, நேரே வாவிக்கு. நான் கான் ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றேன். நீங்கள் அன்று விடச் சொன்ன மூன்று முழத்தைப் பற்றி அக்காவுக்கும் ரீற்றாவுக்கும் உடைக்கிற அன்றுதான் சொல்லியிருந்தேன். அக்கா குடையோடு வந்து பார்த்துவிட்டு, "அவர் சொன்ன வழிதான்" என்றா. ரீற்றாவும் தலையாட்டினாள். கை முழுக்கக் கொப்புளம் எனக்கு. பேர் உங்களுக்கு.

ஞாயிறு சுவாமி வந்து, இடிந்த தூணைத் தாண்டி உள்ளே வந்து வீட்டை மந்திரித்தார். வந்தவர்கள் போர்ட்டிகோவைக் கேட்கவில்லை. கானைத்தான் போய்ப் பார்த்தார்கள், உங்களைத்தான் கதைத்தார்கள்.

எனக்கு எரிகிறது அண்ணன், மறைக்கமாட்டேன். உயிரோடு இருந்திருந்தால் நீங்களும் எங்கேயாவது ஒரு பிழை விட்டிருப்பீர்கள். நானும் அதைக் காட்டிக் காட்டி நாலு நாள் சந்தோஷமாய் இருந்திருப்பேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். செத்துப்போன ஆள் பிழை விடுவதில்லை. இனி எந்தக் காலத்தில் நான் உங்களை வெல்ல? ஒரேயொரு பிழை விடுவதற்காவது ஒருக்கால் வந்துவிட்டுப் போகக்கூடாதா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முதல் அந்தக் கானை நானே இறங்கித் துப்புரவாக்குவேன். எங்கள் வீட்டை மகளுக்குக் கொடுக்கிற நாளில், வருகிற மருமகனை அந்த ஓரத்துக்குக் கூட்டிப்போய், இதில் கல் வைக்காதே, மேட்டுப் பக்கம் பெரியம்மாவின் குசினி இருக்கிறது என்று சொல்லுவேன். எங்கட வீட்டை எங்களுக்குத் தெரியும் மாமா என்று அவன் இடையில் வெட்டுவான். வெட்டட்டும். நான் 'சரி' என்று போகமாட்டேன். அவன் என்னை வெறுத்தாலும் நின்று முழுதாய்ச் சொல்லி முடிப்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் சொல்ல வந்ததைக் கேட்காத சகலன்,
உங்கள் தம்பி பீற்றர்