மூன்றாம் சரணம்

வாபாஷ், இந்தியானா
1877 மார்ச் 4

அன்புள்ள கணவர் லெமுவேலுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் நலத்தைச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். எழுப்புதல் கூட்டத்தில் நீங்கள் பாட்டு நடத்த எழுந்தால் கூடாரமே எழுந்துவிடுகிறதாம். மகிழ்ச்சிதான். எனக்குத்தான் இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை.

உங்கள் புதுப் பாட்டுப் புத்தகம் வந்தது. இயேசுவின் நட்பைப் பற்றி நான் எழுதிய பாட்டு நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. வார்த்தை என் பெயரில், ராகம் உங்கள் பெயரில். நான்கு சரணம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதைக் காணோம். தொலைத்தது அச்சுக்காரரா, நீங்களா?

அடுத்த வீட்டு பக்லி அம்மாள் சர்ச் வாசலில் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா திர்சா, உன் வீட்டுக்காரரு ஊர்லதான் இருக்காரா, இல்ல அவரையும் புத்தகத்தோட சேத்து அச்சடிச்சு அனுப்பிட்டாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அன்பு மனைவி,
திர்சா

பியோரியா, இல்லினாய்
மார்ச் 13

பிரியமான திர்சாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. தினம் இரண்டு கூட்டம். வெங்காயச் சாற்றில் தேன் கலந்து குடித்துத் தொண்டையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் சரணத்துக்கு அந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை. மூன்றாம் சரணத்தை யார் பாடுகிறார்கள், நீயே சொல்? "ஒண்ணு, ரெண்டு, கடைசி" என்று நான் விரலைக் காட்டினால் மூவாயிரம் பேரும் தாண்டிவிடுவார்கள். எல்லாப் பாட்டுக்கும் நடப்பதுதானே.

எங்கு போனாலும் உன் பாட்டைத்தான் கேட்கிறார்கள். "உம்ம மனைவிக்குக் கர்த்தர் நல்ல வரம் குடுத்திருக்காருய்யா" என்றார் பிரசங்கியார் குரோவெல். கோடையில் வரப் பார்க்கிறேன்.

உன்
லெமுவேல்

வாபாஷ்
மார்ச் 21

லெமுவேலுக்கு,

நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில் திராட்சைக் கொடி ஒன்றைப் படம் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நான்கு வரி தாராளமாக உட்காரும். நீங்கள் எடுத்துப்போட்டது இது:

பிள்ளையை மண்ணில் வைத்த நாளில்
பக்கம் நிற்க வேண்டியவர் வரவில்லை;
இயேசுவே, நண்பரே, நீர் வந்தீர்,
ஈர மண்ணில் என்னோடு நின்றீர்.

அக்டோபரில் மெர்சிக்குத் தொண்டை அடைப்பான் வந்ததும் தந்தி கொடுத்தேன். அடக்கத்துக்கு மறுபடி கொடுத்தேன். "கூட்டம் உச்சத்தில். ஜெபிக்கிறேன்" என்று பதில் வந்தது. நம் ஆறு வயதுப் பிள்ளையின் சவப்பெட்டியை அடுத்த வீட்டு பக்லி ஐயாவும் அவர் தம்பியும் தூக்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் வந்தீர்கள். அவள் பெயரைக்கூட எடுக்கவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் தேய்த்த தரையையே மாலையிலும் தேய்க்கிறேன். இயேசு என் நண்பர் என்று தேசமே பாடுகிறது. அன்று அவர் ஏன் என் பக்கத்தில் நிற்க வேண்டிவந்தது என்பதை மட்டும் நீங்கள் தாண்டிப் போகிறீர்கள். அதை ஒத்துக்கொள்ளுங்கள். நாம் மறுபடி ஒரே வீட்டில் இருக்கலாம்.

திர்சா

டொலிடோ, ஒஹாயோ
ஏப்ரல் 16

என் உயிரான திர்சா,

பாடிவிட்டேன்! உன் கடிதத்தை மூன்று வாரம் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நேற்று ஐயாயிரம் பேர் முன்னால் மூன்றாம் சரணத்தைத் தனியாகப் பாடினேன். "வர வேண்டியவன் நான்தான். எம் பொண்ணு அடக்கத்துக்கு நான் போகல" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். கூடாரமே அழுதது. இருநூறு பேர் முன்னே வந்து முழங்காலிட்டார்கள். ஆறு மாதப் பாரம் இறங்கிப்போயிற்று.

குரோவெல் என்னைக் கட்டிக்கொண்டார். "லெமுவேல், இத ஒவ்வொரு ஊர்லயும் சொல்லணும்யா. எம் பிரசங்கமே வேணாம் போல இருக்கே!" என்றார். அடுத்த பதிப்பில் நான்கு சரணமும் வரும். டெட்ராய்ட், பஃபலோ என்று செப்டம்பர் வரை ஊர்கள் முடிவாகிவிட்டன. ஆகவே கோடையில் வருவதற்கில்லை, நீ புரிந்துகொள்வாய்.

ஒரு சின்ன உதவி. முதல் வரியில் மெர்சியின் பெயர் வரும்படி மாற்றித் தருவாயா? ஜனங்கள் இன்னும் உருகுவார்கள் என்கிறார் குரோவெல்.

என்றும் உன்
லெமுவேல்

வாபாஷ்
ஏப்ரல் 22

திரு. லெமுவேல் ஹாட்ச் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே பக்லி அம்மாள் செய்தித்தாளோடு ஓடிவந்தாள். "படிச்சியாம்மா? ஆம்பள, அத்தன பேர் முன்னால அழுதிருக்காரு!" என்றாள். படித்தேன்.

பாட்டு உங்களுக்கே இருக்கட்டும். வரியை வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள். மெர்சியின் பெயரை மட்டும் அதில் போடாதீர்கள். என் பெயரையும் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை நான் அயோவாவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போகிறேன். வீட்டுச் சாவி பக்லியிடம் இருக்கும்.

டொலிடோவிலிருந்து வாபாஷுக்கு நேர் ரயில் இருக்கிறது. அரை நாள் பயணம். ஐயாயிரம் பேரிடம் சொல்லி அழுதீர்கள். என்னிடம் வந்து நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

திர்சா