டெஸ்ஸா தூங்கும் வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? வடக்கு டகோட்டாவில் குளிர் கடுமைதான். எண்ணெய்த் தொழிலாளர் முகாமின் சமையலறையில் வேலை என்பதால் எனக்குச் சிரமமில்லை.

சனிக்கிழமை நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் எழுதித் தந்தார்கள். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு வரி அலுவலகம் தரும் சலுகைப் பணம் டெஸ்ஸாவுக்காகக் கிடைத்தால் பழைய கார் ஒன்று வாங்கி, ஈஸ்டருக்கு வரலாம் என்று எண்ணிப் போனேன்.

"போன வருஷம் பொண்ணு எத்தனை மாசம் உன்கூட இருந்தாம்மா?" என்று கேட்டார், படிவம் எழுதிய லிண்ட்க்விஸ்ட் அம்மாள்.

"ரெண்டு மாசம். மத்தபடி மேற்கு வர்ஜீனியாவுல, எங்கப்பா வீட்டுல."

"வருஷத்துல பாதிக்கு மேல புள்ள எந்த வீட்டுல தூங்குதோ, அந்த வீட்டுக்காரங்கதான் கேக்க முடியும். அப்போ அவர்தான் கேக்கணும்."

"அவருக்குச் சம்பளமே இல்லையே. அரசாங்கத்துக்கிட்ட கையேந்த மாட்டேன்னு வேற சொல்வாரு."

"சம்பளம் இல்லாட்டியும் இந்த வருஷம் முழுசாக் கிடைக்கும். இது பிச்சை இல்ல, புள்ள வளக்கிறவங்களுக்குச் சட்டம் குடுக்கிறதுன்னு சொல்லு."

பிள்ளைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போடும்போது பேனா சரியில்லை என்று வேறொன்று கேட்டேன். முதல் பேனா நன்றாகத்தான் எழுதியது.

நம் ஊர்த் தேவாலயத்தில் செவ்வாய்தோறும் எழுதித் தருகிறார்களாம். வீறாப்புப் பார்க்காமல் போய் வாருங்கள். டெஸ்ஸா உங்கள் வீட்டில் இருப்பதைக் காட்டும் பள்ளிச் சான்றை மறக்க வேண்டாம். ஈஸ்டருக்கு நான் வர முடியாது என்பதை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பணம் வந்ததும் அவளுக்குப் பூட்ஸ் வாங்குங்கள். அளவெடுக்கப் பாதத்தைத் தாளில் வரைவீர்கள் அல்லவா, அந்தத் தாளை எறிந்துவிடாமல் எனக்கு அனுப்புங்கள்.

அடுப்பில் உருளைக்கிழங்கு கொதிக்கிறது, போகிறேன்.

உங்கள் மகள்,
கெண்ட்ரா