வாசல் பூட்டு

அக்கா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. நேற்றுபோலப் பூனைக்குப் போடாதே. அது கொழுத்துப்போய் ஜன்னலில் ஏற முடியாமல் கிடக்கிறது.

மத்தியானம் நர்சம்மா எடை பார்க்க வருகிறார். போன தடவை நீ வாசல் பூட்டை மடியில் செருகிக்கொண்டு எடை மெஷினில் ஏறியதைப் பார்த்தேன். எடை கூடியிருக்கிறதென்று அவர் சந்தோஷப்பட்டார். அவர் போன பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"என் வயித்துப் பிள்ளையும் என்னை மாதிரி குண்டாகி, ஊரெல்லாம் பேச்சு வாங்கணுமாடி?" என்று கேட்டாய். அக்கா, நீ வயிற்றில் இருந்தபோது அம்மா அரைப் பட்டினி. உள்ளேயே பசித்த பிள்ளையின் உடம்பு கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைக்கப் பழகிவிடும், பிறகு சுலபமாகப் பெருத்துவிடும் என்று நர்சம்மா சொன்னாரே. என் முறைக்கு அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். அதனால்தானோ என்னவோ, எவ்வளவு தின்றாலும் நான் குச்சி. நீ பயப்படுவது எதற்கோ, அதையேதான் பட்டினி கிடந்து பிள்ளைக்குக் கொடுக்கிறாய்.

திட்டு. பேசாமல் இரு. ஆனால் சாப்பிட்டுவிட்டு இரு. உன் காலில் விழுகிறேன்.

பி.கு.: பூனைக்குத் தனியாக வைத்துவிட்டேன்.

இன்னொன்று: பூட்டைத் தேடாதே, வேலைக்கு எடுத்துப்போகிறேன். கதவைத் தாழ் போட்டுக்கொள். இந்தத் தடவை மெஷினில் நீயும் பிள்ளையும் மட்டும் ஏறுங்கள்.