நூற்று ஐம்பது துடிப்பு

நெய்வேலி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் இசைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே பனி கூடியிருக்கிறதாமே. கால் விரல்களை அடிக்கடி பார்த்துக்கொள். உணர்ச்சி இல்லாத இடம் உறைந்துபோனாலும் உனக்குத் தெரியாது.

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால் உங்கள் பனிச்சறுக்கு முகாமுக்குக் கிளம்பும் நம் பிளாக் சைமன்ராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "இன்னா மாமா, வாட்ஸப் இருக்கறப்ப கவர் ஒட்டிக்கினு இருக்கீங்க, லவ் லெட்டரா?" என்றான். நானும் சிரித்து வைத்தேன். அம்மா கொடுத்திருக்கும் முறுக்கை வழியிலேயே அவன் காலி செய்துவிடாமல் இருந்தால் சரி.

போட்டியில் நீ முதலாவதாக வந்ததற்கு அம்மா மந்தாரக்குப்பம் போய் ஜிலேபி வாங்கி பிளாக் முழுக்கக் கொடுத்தாள். பனிச்சறுக்கு வண்டிக்குச் சக்கரம் மாட்டி, நீ உட்கார்ந்தபடியே இரண்டு கோல்களால் தார் ரோட்டில் உந்திக்கொண்டு போவாயே, மார்புக்குக் கீழே உனக்கு வியர்க்காதென்று நான் பின்னாலேயே தண்ணீர் தெளித்துக்கொண்டு வருவேனே, அப்போது எதிர்வீட்டு அய்யாசாமி, "இன்னா சிங்காரவேலு, செடிக்கா மருந்தடிக்கிற?" என்பார். அவரே இப்போது "எங்க பொண்ணுங்க அது" என்கிறார்.

எனக்குத்தான் ஜிலேபி இறங்கவில்லை.

உன் கைக்கடிகாரம் எடுக்கும் இதயத்துடிப்புக் கணக்கு என் போனுக்கும் வருகிறது. விபத்துக்குப் பிறகு டாக்டர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். இதயத்தை விரட்டும் நரம்பு முதுகெலும்பில் அறுபட்டுவிட்டதால், எவ்வளவு உந்தினாலும் துடிப்பு நூற்றிருபதைத் தாண்டாது என்றார். இத்தனை வருடப் பயிற்சியில் தாண்டியதும் இல்லை. போன ஞாயிறு போட்டியில் நூற்று ஐம்பது. வீடியோவில் உன் முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்த்து, தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

அந்த முகத்தை முன்பே ஒருநாள் பார்த்திருக்கிறேன். சிறுநீர் வடிய மாட்டியிருக்கும் குழாய் உன் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்ததை நாங்கள் கவனிக்காத நாள். மண்டை பிளக்கிறது என்று அலறினாய். அம்மா குழாயை நேராக்கிய பிறகுதான் அடங்கியது. தாமதித்திருந்தால் மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்றார்கள்.

நேற்று டாக்டரிடம் உன் பெயரைச் சொல்லாமல் விசாரித்தேன். முதுகுத்தண்டு அடிபட்ட சில வீரர்கள் போட்டிக்கு முன் வேண்டுமென்றே குழாயை அடைத்துக்கொள்வார்களாம். சிறுநீர்ப்பை நிறைந்தால் இரத்த அழுத்தம் எகிறும், துடிப்பு ஏறும், கைக்கு வலு கூடும். உயிருக்கு ஆபத்து என்பதால் அதற்குத் தடை இருக்கிறதாம். "யாருக்குங்க?" என்று கேட்டார். பேப்பரில் படித்தேன் என்றேன்.

நீ அப்படிச் செய்தாயா என்று நான் கேட்கவில்லை. குழாய் தானாகவும் மடங்கியிருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு வெளிநாடு போகும் அணிக்குத் தேர்வு. இடம் ஒன்றுதான் என்று நீதான் சொன்னாய். சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. தேர்வன்று காலை, தொடக்கக் கோட்டுக்குப் போகும் முன், குழாயைச் சரிபார்த்து, சிறுநீரை முழுக்க வெளியேற்றிவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. அது வரும்வரை நான் போனைக் கீழே வைக்க மாட்டேன். என்ன சேதி என்று அம்மா கேட்டால், அங்கே நல்ல வெயிலாம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆயுசோடு இரு, தாயே.

உன் அப்பா,
சிங்காரவேல்