மண்டே என்றால் ஏனுங்க

இன்று காலை தேவராஜ மார்க்கெட்டில் இரண்டு பூக்காரப் பெண்கள் நம்மூர்த் தமிழில் ஏசிக்கொண்டிருந்தார்கள். நான் அருகில் போனதும் கன்னடத்துக்கு மாறினார்கள். நானும் கன்னடத்திலேயே கேட்டுப் பூ வாங்கி வந்தேன். உன் நினைவு வந்துவிட்டது. நான் விரும்பி வரவழைத்ததல்ல.

ஹெப்பாளில், வேலை பார்த்த கம்பெனியில், நாம் இருவரும் ஒரே வகுப்பில் ஸ்பானிஷ் படித்தோம். மெக்ஸிகோ நகரத்துக்கு ஒருவரைத்தான் அனுப்புவதாகச் சொன்னார்கள். உன் விண்ணப்பத்தில் இருந்த பிழைகளைத் திருத்திக் கொடுத்தவன் நான். போனது நீ. அதைப் பற்றி நீ ஒருநாளும் பேசவில்லை. நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஞாயிறு காலைகளில் போன் செய்வாய். “இங்க ஆரைக் கூப்பிட்டாலும் மரியாதையா ‘மண்டே’ங்கறாங்கடா. மண்டையில என்னமோ ஒட்டீட்டு இருக்குதாட்டன்னு மொத நாளு தடவிப் பாத்துப்போட்டேன். அப்பறம் பாத்தா, அது நம்ம ஏனுங்க.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஸ்பானிஷில் பதில் சொன்னேன். எப்போதும் அப்படித்தான் சொன்னேன். எனக்கும் அது வரும் என்று உனக்கு உறைக்கட்டுமே.

அந்த நகரத்தில் நாவாட்ல், ஒட்டோமி என்று வேறு பாஷைகளும் உண்டு என்பதே நீ சொல்லித்தான் தெரியும். உன் தெருமுனையில் சோள ரொட்டி சுடுகிறவள் மகளிடம் நாவாட்லில் பேசுவாளாம். ஆள் வந்தால் ஸ்பானிஷ். என்ன பாஷை என்று நீ கேட்டபோது, தனக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது என்றாளாம். “கம்பெனி பஸ்ல நாம பண்ணுனதேதான்,” என்றாய். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தால் நாமும் தமிழை விட்டுவிடுவோம்.

கடைசியாகப் பேசியபோது உன் குரல் தளர்ந்திருந்தது. “அப்பனும் ஆத்தாளும் போயாச்சு. நீயும் ஸ்பானிஷ்லயே பேசுனா நம்ம பேச்ச நான் ஆருகிட்டடா கேக்கறது? ஒருக்கா ஏனுங்கன்னு சொல்லு. வெச்சர்றேன்.”

நான், “மண்டே?” என்றேன்.

“சரிங்க” என்று வைத்துவிட்டாய். அந்த வாரமே மாரடைப்பு. நம்மூர் கௌதள்ளிக்கு உன் சாம்பல்தான் வந்தது.

இப்போது வீட்டில் யார் கூப்பிட்டாலும் என் வாயில் வருவது ‘மண்டே’தான். என் மகளுக்குக் கன்னடம்தான் சரளம். கன்னடத்திலும் மண்டே என்றால் தலை. எனக்குத் தலைவலி என்று நினைத்துத் தைலம் எடுத்து வருகிறாள். நான் வாங்கித் தேய்த்துக்கொள்கிறேன்.