மூடி திறந்த கூஜா

அன்புள்ள அம்மாவுக்கு, சியூமான் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ஈரத்தில் நிற்காதே. நான் சௌக்கியம்.

போய்ப் பார், போய்ப் பார் என்பாயே, லின் சித்தியைப் பார்த்துவிட்டேன். ஷாம்சுய்போ பேட்டையில் ஆபீஸ்காரர்களோடு டிம்சம் பலகாரம் சாப்பிடப் போன தேநீர்க்கடையில் சித்திதான் தேநீர் ஊற்றுகிறாள். அவள் பேச்சைக் கேட்டதும் பக்கத்திலிருந்த விவியன், "யாருடி இது, இப்பத்தான் வயல்லேருந்து ஏறி வந்த மாதிரி பேசுது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அம்மா.

சித்தி என் கோப்பையிலும் ஊற்றினாள். சின்னவள் நான்தான் எழுந்து கூஜாவை வாங்கி அவளுக்கு ஊற்றியிருக்க வேண்டும். தலையைத் தூக்காமல், முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்வதுபோல, மேசையில் இரண்டு விரலால் தட்டி நன்றி சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் முள்ளங்கி அடை ஒன்றை என் முன்னால் வைத்தாள். "சாப்பிடும்மா, இதுல இறால் போடல. உனக்கு ஒத்துக்காது."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் விவியன்.

"முகத்தைப் பாத்தாலே தெரியுதே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

கவலைப்படாதே, சித்தி நன்றாகத்தான் இருக்கிறாள்.

உப்பு முள்ளங்கி அனுப்பும்போது இரண்டு பொட்டலமாகக் கட்டு. ஒன்றின்மேல் சித்தி பேரை நீயே எழுது. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? பொட்டலம் வந்ததும் அந்தக் கடைக்குத் தனியாகப் போகிறேன். அங்கே மேசையில் கூஜாவின் மூடியைத் திறந்து வைத்தால், அதுதான் அடையாளம், வெந்நீர் ஊற்ற யாராவது வந்துதான் ஆகவேண்டும். சித்தியைத் தவிர வேறு யார் வந்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன்.

மேலாளர் கூப்பிடுகிறார்.

உன் மகள்,
சியூமான்