பேட்டரி இல்லாத அலாரம்

சூரத்
வியாழன்

அன்புள்ள இந்திராணிக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். அறுபத்திரண்டு வயதில் புதிதாக ஒரு பாடம் கற்றேன். இந்தச் சாயத் தொழிற்சாலையின் பாதுகாப்பு வகுப்பில் எல்லோரும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். நான் வாத்தியார் அல்லவா? விஷவாயு அலாரம் எப்படி ஒலிக்கும் என்று கேட்டேன். கூட வேலை செய்யும் தென்னேரிக்காரன் சிவராஜ் சிரித்தான்.

"அது டெய்லி கத்திக்கினே இருந்துச்சு சார். பேட்டரிய கழட்டிட்டாங்க."

இழை அறுந்தால் நீ தறியை நிறுத்துவாய். இங்கே அலாரம் கத்தினாலும் இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். மேலாளரிடம் சொன்னேன். பதிவேடு எழுதும் என் வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார்.

நீ கவலைப்படாதே. காலையிலிருந்து எல்லோருக்கும் தொண்டை கரகரக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் பனங்கற்கண்டு அனுப்பு. பீரோவில் நான் பள்ளியில் ஊதிய விசில் இருக்கும். அதையும் வை. தபால் வேண்டாம், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூரியரில் போடு.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

உன்
கலியாணசுந்தரம்